இரண்டு சோற்றுப் பார்சல்

பண்டாரவளை
21.01.1973

அன்புள்ள குணம்,

பொங்கல் லீவு முடிந்து வியாழக்கிழமை சுகமாக வந்து சேர்ந்தேன். சளியைத் தவிர வேறு குறையில்லை. நீரும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லும்.

இங்கே குளிர் ஆளை எழும்ப விடுகுதில்லை. கம்பளிச் சட்டையோடுதான் வங்கிக் கவுண்டரில் இருக்கிறோம். முதல் நாளே மனேஜர், "மிஸ்டர் இராசதுரை, இந்த முறையாவது பாஸ் பண்ணுவீரோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஆக்கள் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சனான்.

இத்துடன் ஒரு கொப்பி அனுப்புகிறேன். என்னைப்போலவே வேலை செய்துகொண்டு வெளிவாரியாகப் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு கொழும்புச் சிநேகிதனிடம் இரவல் வாங்கினது. "வங்கியியலும் நிதியும்" பாடம் முழுக்க இதில் இருக்கு. போன இரண்டு முறையும் என்னை விழுத்தினது இந்தப் பாடம்தான். மூன்று கிழமையில் திருப்பிக் கொடுக்க வேணும். என்ர எழுத்தை நானே திரும்ப வாசிக்க ஏலாது என்று உமக்குத் தெரியும். நீர் ஒருக்கால் படியெடுத்துத் தருவீரா?

பரீட்சை ஓகஸ்டில், பேராதனையில். முதற் பகுதி சித்தியென்றால் இன்னும் இரண்டு வருசத்தில் பட்டம். பட்டம் வந்தால் உத்தியோகத்தர் தரம் கிடைக்கும். ஊருக்கு மாற்றமும் துணிந்து கேட்கலாம். எங்கட கலியாண வீட்டில் உம்முடைய பெரியப்பா சபை நடுவில், "மாப்பிள்ளை இன்னும் இரண்டு வருசத்தில பட்டதாரி" என்று சொன்னவர். அதுக்கு நாலு வருசமாகுது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
வீ. இராசதுரை


திருகோணமலை
11.02.1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கட சளி மாறிவிட்டதா? கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கட்டாம், மாமி சொல்லுறா. அவவின் முழங்கால் பரவாயில்லை. கோயிலுக்கு நடந்தே போய் வாறா. எனக்கும் ஒரு குறையுமில்லை.

கொப்பியைப் படியெடுத்து முடிச்சிட்டன். இரண்டையும் தபாலில் அனுப்பப் பயமாக இருந்ததால் தேயிலை லொறிக்காரர் பாக்கியரத்தினத்திடம் கொடுத்து விடுகிறேன். அவர் பண்டாரவளையில் இருந்து பெட்டி ஏற்றிக்கொண்டு மாதத்தில் இரண்டு தரம் இங்கே துறைமுக ஜெட்டிக்கு வாறவர்.

படியெடுக்கேக்க ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்.சி. என்று கந்தோரில் நாங்கள் சொல்லுற, கப்பலில் சாமான் அனுப்புகிறவருக்கு வங்கி பணம் கொடுக்கிற நாணயக் கடிதத்தைப் பற்றின பகுதி. "பொருள் சரியாக ஏற்றப்பட்டதா என்று வங்கி பார்த்துப் பணம் கொடுக்கும்" என்று எழுதியிருக்கு. அது சரியில்லை. போன வருசம் எங்கட கப்பல் ஏஜன்சியில் நடந்த ஒரு விசயம் சொல்லுறன். தேயிலைப் பெட்டிகளைப் பார்ஜ் படகில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றேக்க அலை அடிச்சு ஐந்து பெட்டியில் தண்ணி தெறிச்சிட்டுது. உள்ளே தேயிலைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் அதிகாரி "ஐந்து பெட்டி நனைந்தது" என்று ரசீதில் எழுதிப்போட்டார். அந்த ஒரு வரியால் வங்கி பணம் கொடுக்க மாட்டன் என்றிட்டுது. வியாபாரி எங்கட கந்தோர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். எங்கட பெரிய கிளாக்கர் ஸெய்னுதீன் நானா அப்ப எனக்குச் சொன்னார்: "தங்கச்சி, பேங்க் தேயிலயக் குடிச்சா பாக்கும்? கடதாசியத்தான் பாக்கும்."

அதைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பிழையென்றால் அழித்துவிடுங்கோ.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்
குணமணி


பண்டாரவளை
04.03.1973

அன்புள்ள குணம்,

கொப்பிகள் பத்திரமாக வந்தன. பாக்கியரத்தினம் தானே வங்கிக்குள் வந்து தந்தார். சளி போட்டுது, கொத்தமல்லிதான் போக்கினது என்று அம்மாவுக்குச் சொல்லும், சந்தோசப்படுவா.

நீர் ஓரத்தில் எழுதினது சரி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வருசமாக வங்கியில் இருக்கிறேன். சேமிப்புக் கவுண்டரை விட்டு அசையாத எனக்கு இதெல்லாம் பரீட்சைக் கேள்விதான். உமக்குக் கந்தோர் வேலை. கொழும்புச் சிநேகிதனும் வாசித்துவிட்டு, "இதை எழுதின மாஸ்டர் ஆர்?" என்று கேட்டு எழுதியிருந்தான்.

பழைய கேள்வித்தாள்கள் ஐந்து இத்துடன் இருக்கு. நேரமிருந்தால் உமக்குத் தெரிந்ததுக்கு விடை எழுதி அனுப்பும். நான் அதைப் பார்த்துப் படிக்கலாம்.

வேறு ஒரு புதினம். என்னோடு வேலை செய்கிற திலகரத்ன வெலிமடை றோட்டில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பின்னேரங்களில் நானும் போறனான். உருளைக்கிழங்கு வைத்திருக்கிறோம். சாமான் தட்டுப்பாட்டுக்கு எல்லாரும் பயிர் செய்யச் சொல்லித்தானே ரேடியோ முழுக்கக் கத்துறாங்கள். கிழங்கை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருக்கிற மாதிரிப் பார்த்து நட வேணும். எனக்கு இது முன்னம் தெரியாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
இராசதுரை


திருகோணமலை
29.04.1973

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வெயில் தாங்க ஏலாமல் இருக்கு. அதைவிட மாமிக்கும் எனக்கும் ஒரு சுகவீனமும் இல்லை. நீங்கள் சுகம் என்று உங்கட கையால் எழுதி எட்டுக் கிழமையாகுது. பாக்கியரத்தினம், "ஐயா நல்லாக் கறுத்து, நல்லா இருக்கிறார்" என்று சொன்னபடியால்தான் நிம்மதி.

ஐந்து தாளுக்கும் விடை எழுதி இரண்டு முறையாக அனுப்பினேன். எது சரி, எது பிழை என்று நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மத்திய வங்கி கடனைக் கட்டுப்படுத்துகிற கேள்வியில் நான் தடுமாறினனான். நூல்நிலையத்தில் இரண்டு சனிக்கிழமை இருந்து வாசித்துத் திரும்ப எழுதினேன். அதையாவது பார்த்தீங்களா?

ஸெய்னுதீன் நானா என்னைக் கண்டால் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார். கிண்ணியாவில் இருந்து லோஞ்சுப் படகில் வரேக்கயே யோசித்துக்கொண்டு வாறாராம். "தங்கச்சி, கப்பல் சாமான் வந்திட்டுது, கடதாசி வரல்ல. சாமானக் குடுக்கலாமா, ஏலாதா?" நான் விடை சொன்னால், "மாப்பிள்ளைக்கு எழுதிப் போடு" என்பார்.

மார்ச் முப்பத்தோராம் திகதிக்கு முன்னம் விண்ணப்பம் அனுப்பியிருக்க வேணும். அனுப்பினீங்கள்தானே? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கோ.

மாமி உங்களுக்காக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா.

உங்கள்
குணமணி


பண்டாரவளை
20.05.1973

அன்புள்ள குணம்,

நான் நல்ல சுகம். நீரும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் பிந்தினதுக்குக் கோபிக்க வேண்டாம். வங்கியில் ஒரு ஆள் லீவு, எனக்கு இரட்டை வேலை.

விண்ணப்ப விசயம் எல்லாம் ஒழுங்கு. நீர் அதை யோசிக்க வேண்டாம்.

பாக்கியரத்தினத்திடம் ஒரு சாக்கு அனுப்பியிருக்கிறேன். உருளைக்கிழங்கு பதினைந்து றாத்தல், லீக்ஸ், மூன்று முட்டைக்கோவா. எல்லாம் எங்கட தோட்டத்தில் விளைந்தது. கிழங்கு கிண்டின அன்று மழை தூறிக்கொண்டு இருந்தது. மண்ணுக்குள் கையை விட்டால் சூடாக இருக்கும், குணம். ஒரு செடியில் பதினொரு கிழங்கு. திலகரத்ன பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டான். அடுத்த போகத்துக்கு முழு ஏக்கரும் எடுப்போம் என்கிறான். இலை கருகுகிற ஒரு நோய் இருக்கு. அதுக்கு மருந்து அடிக்கிற நேரம் தெரிய வேணும். பனி விழுந்த மறுநாள் காலை எழும்பிப் போய்ப் பார்க்க வேணும். நான் இப்ப ஐந்து மணிக்கே எழும்பிறனான்.

ஸெய்னுதீன் நானாவுக்கும் நாலு கிழங்கு கொடும்.

அன்புடன்,
இராசதுரை


திருகோணமலை
15.07.1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கட தேகசுகத்துக்குக் கடவுள் துணை. நாங்கள் இருவரும் சுகம். கோவாவைப் பார்த்து மாமி அழுதுவிட்டா. "என்ர பிள்ளை வளர்த்தது" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் சமைச்சவ.

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். நீங்கள் ஒரு படிவம் பழுதானாலும் என்று இரண்டு விண்ணப்பப் படிவம் எடுப்பிச்சனீங்கள். ஒன்றைக் கொண்டு போனீங்கள். மற்றது அலுமாரிக்குள் கிடந்தது. மார்ச் மாதம் அதை நான் நிரப்பி அனுப்பினேன், என்ர பெயரில். எச்.எஸ்.சி. சித்தி போதும் என்று அதில் போட்டிருந்தது. எனக்குப் பரீட்சைச் சுட்டெண் வந்திட்டுது. ஓகஸ்ட் பதின்மூன்று தொடக்கம், ஐந்து பாடம்.

உங்களைக் கேளாமல் செய்தது பிழை. கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டீங்கள், ஆனால் உள்ளுக்குள்ளே ஏதோ ஒன்று நோகும் என்று பயந்தனான். உங்களோடு போட்டி போட இல்லை. படியெடுக்க வெளிக்கிட்டு, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்று தேடத் தொடங்கிவிட்டேன். கந்தோரில் ஆறு வருசமாக நான் டைப் அடிக்கிற கடதாசிகள் ஏன் அப்படி இருக்கு என்று இப்பதான் விளங்குது. அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுகிறது என்று தெரியவில்லை. உங்களுக்குக் கிழங்கு கிண்டினது போல என்று வைத்துக்கொள்ளுங்கோ.

மாமிக்குச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த சுளகைக் கீழே வைச்சா. பிறகு, "ரெண்டு பேரும் ஒரே இடத்திலயோ எழுதுறியள்? அப்ப நானும் வாறன். உங்களுக்குச் சமைக்க ஆர் இருக்கினம் அங்க?" என்றா. ஸெய்னுதீன் நானாவின் தங்கச்சி பரீதா கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறா. அவவின் வீட்டில் ஒரு அறை தந்திருக்கிறா. நீங்களும் நேரே அங்கே வரலாம்.

கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கோ.

உங்கள்
குணமணி


கட்டுகஸ்தோட்டை
17.08.1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கட உடம்புக்கு ஒன்றுமில்லைத்தானே? முதலில் அதைத்தான் அறிய வேணும். போன கிழமை பாக்கியரத்தினம் உங்களைத் தோட்டத்தில் கண்டதாகச் சொன்னபடியால் தந்தி அடிக்காமல் இருந்தேன்.

நேற்றோடு ஐந்து பாடமும் முடிந்தது. நாளைக்குக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறோம். நடந்ததை நடந்தபடி எழுதுறன்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மாமி சேர்த்து வைத்திருந்த பங்கீட்டுக் கூப்பன் அரிசியைக் கொண்டுவந்து, விடியவே சமைத்து, வாழையிலையில் இரண்டு பார்சல் கட்டியிருந்தா. ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. நான் உங்கட பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தேன். இராசதுரை என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதுவும் குணமணி இராசதுரை என்று என்ர பெயரோடு சேர்ந்து.

மாமி மரத்தடியில் இருந்து, "துரை எங்க பிள்ளை?" என்று கேட்டா.

"அவருக்கு மற்ற மண்டபம், மாமி. நேரத்தோட உள்ள போயிட்டார்."

"என்னைப் பாக்காமலோ?"

"பரீட்சைப் பதட்டம்தானே."

"அப்ப இந்தப் பார்சலை எப்படிக் குடுக்கிறது?"

"நான் மத்தியானம் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். முதல் அரை மணித்தியாலம் கேள்வியே கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு எழுதினேன். எழுதாமல் விட்டால் இரண்டு பேரும் எழுதாத மாதிரி ஆகிவிடும் என்று நினைச்சு எழுதினேன்.

எனக்குப் பக்கத்து மேசையில் மாத்தளையில் இருந்து வந்த பிள்ளை, றம்லா என்று பெயர். ஒரு துண்டு பாணோடு வந்திருந்தா. உங்கட பார்சலை அவவுக்குக் கொடுத்தேன். நாலு நாளும் கொடுத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் மாமி கேட்பா: "சாப்பிட்டானோ?" "ஓம் மாமி." "கத்தரிக்காய்ப் பொரியல் காணுமாமோ?" "ஓம் மாமி, நல்லா இருக்காம்." இரவில் எங்கே தங்குகிறார் என்று கேட்டதுக்கு, சிநேகிதர்களோடு என்று சொன்னேன். இத்தனை பொய் நான் என்ர வயதுக்குச் சொன்னதில்லை.

நேற்றுக் கடைசி நாள். பார்சலைக் கட்டித் தரேக்க மாமி என்ர முகத்தைப் பார்க்காமல் சொன்னா: "ரெண்டாவதை அந்த மாத்தளைப் பிள்ளைக்கே குடு. பாவம், மெலிஞ்ச பிள்ளை."

இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். நேற்றுப் பின்னேரம் மாமி, "சாப்பிட்டானோ?" என்று கேட்கவில்லை.

நீங்கள் ஏன் வரவில்லை என்று மட்டும் எழுதுங்கோ. உண்மையாக எழுதுங்கோ.

குணமணி


பண்டாரவளை
02.09.1973

அன்புள்ள குணம்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இருந்திருந்தால் எழுதுகிறது சுகமாக இருந்திருக்கும். நீர் நலமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பாக்கியரத்தினம் வந்து சொன்னார்.

நான் விண்ணப்பம் அனுப்பவே இல்லை. படிவம் இன்னும் என்ர பெட்டிக்குள் வெறுமையாகக் கிடக்கு. மார்ச் மாதம் முழுக்க, நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். திகதி கடந்த அன்று எனக்குக் கவலை வரவில்லை, குணம். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தினது.

போன முறை பரீட்சையைப் பற்றியும் நான் முழுக்கச் சொல்லவில்லை. "விழுந்திட்டன்" என்றுதான் சொன்னேன். நான் மூன்று பாடம்தான் எழுதினனான். நாலாம் நாள் வாசல் வரை போய்த் திரும்பி, ஆற்றங்கரையில் இருந்துவிட்டு வந்தேன். உம்முடைய பெரியப்பாவுக்கு, மனேஜருக்கு, அம்மாவுக்கு, எல்லாருக்கும் நான் பட்டதாரியாக வேணும். எனக்கு மட்டும் அதில் ஒரு ஆசையும் இருந்ததில்லை. உமக்கும் அது வேணும் என்று நானே நினைத்துக்கொண்டேன். உம்மை ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூலையில் உம்முடைய கடிதம் வந்தபோது முதலில் கோபம் வந்தது. ஒளிக்க மாட்டன். நீர் அனுப்பின விடைத்தாள்களை நான் அதுவரை பிரித்துப் பார்க்கவே இல்லை. அந்தக் கோபத்தோடு பிரித்தேன், பிழை பிடிக்கலாம் என்று. முழுக்க வாசித்து முடிக்க நடுச்சாமம் ஆகிவிட்டது. ஒரு பிழையும் பிடிக்க என்னால் ஏலவில்லை. பிறகு உமக்கு என்ன எழுதுகிறது?

இன்னொன்று இருக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நான் பேராதனைக்கு வந்தனான். லீவு போட்டு, முதல் நாள் இரவு ரெயில் ஏறி வந்தேன். உம்மைக் கண்டு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று. றோட்டுக்கு மற்றப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கு. அதில் நின்றேன். அம்மா மரத்தடியில் இருந்து காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தா. மத்தியானம் நீர் வெளியே வந்து ஒரு பிள்ளையோடு படியில் இருந்தீர். அந்தப் பிள்ளை பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டா. அது எனக்குக் கட்டின பார்சல் என்று பார்த்த உடனே விளங்கினது. இரண்டு தேத்தண்ணி குடித்தேன். றோட்டைக் கடக்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இதுதான் உண்மை. மிச்சம் ஒன்றுமில்லை.

இராசதுரை


திருகோணமலை
30.09.1973

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேணும்.

உங்கட கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு கிழமை எழுதக்கூடாது என்று இருந்தேன். அது நாலு கிழமையாகிவிட்டது. கோபம் ஆற வேணுமே. நீங்கள் பரீட்சை எழுதாததுக்குக் கோபமில்லை. விருப்பமில்லாததை விட்டதுக்கு ஏன் கோபிக்கிறது? "எல்லாம் ஒழுங்கு, யோசிக்க வேண்டாம்" என்று எழுதினீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான். நானும் நாலு மாதம் ஒளிச்சனான். அதையும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஒரு வீட்டில் இரண்டு பேரும் நல்லதுக்கென்று ஒளித்தால், பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கும்?

நீங்கள் றோட்டைக் கடந்திருக்கலாம். கடந்திருந்தால் நானும் மாமியும் என்ன செய்திருப்போம் என்று நினைச்சீங்கள்? சோறு ஆறிப்போச்சு என்று மாமி ஏசியிருப்பா. அவ்வளவுதான்.

மாமிக்கு உங்கட கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒளிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு நானே எப்படி ஒளிக்கிறது? தேத்தண்ணிக் கடை இடம் வந்ததும் கையைக் காட்டி நிற்பாட்டினா.

"அவனை நான் அண்டைக்கே கண்டனான்."

"மாமி!"

"சொந்தப் பிள்ளை நிக்கிற விதம் தெரியாதோ? தூணோட சாய்ஞ்சு நிண்டான். கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பான். சின்னனிலயும் அப்பிடித்தான். அதான் பாக்காத மாதிரி இருந்தனான்."

பிறகு இரண்டு நாளும் தெரிந்துகொண்டே எனக்கு முன்னால் இரண்டு பார்சல் கட்டியிருக்கிறா. ஏன் மாமி என்று கேட்டேன். "நீ பரீட்சை எழுதிற நேரம் உன்னோட கதைச்சுக் குழப்பக்கூடாது எண்டுதான்," என்றா.

இப்ப நான் ஒன்று கேட்கிறேன். பெரியப்பாவை விடுங்கோ, மனேஜரை விடுங்கோ. உங்களுக்கு என்ன வேணும்?

குணமணி


பண்டாரவளை
21.10.1973

அன்புள்ள குணம்,

அம்மாவின் முழங்கால் மழைக்கு நோகுமே, எப்படி இருக்கிறா? எனக்குச் சுகம். ஒவ்வொரு நாளும் நன்றாக நித்திரை வருகுது. இரண்டு வருசமாக வராத நித்திரை.

எனக்கு என்ன வேணும் என்று ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. அதனால் யோசிக்க மூன்று கிழமை எடுத்தது.

வீட்டுக்கு வர வேணும். முதலில் அது. எங்கட திருகோணமலைக் கிளையில் ஹாலிஎலயைச் சேர்ந்த ஒருவர் தன்ர ஊருக்கு மாற்றம் தேடித் திரிகிறார். கிளாக்கருக்குக் கிளாக்கர், ஆளுக்கு ஆள் மாறலாம். பட்டம் தேவையில்லை. ஆனால் அப்படி மாறினால் நான் கிளாக்கர்தான். உத்தியோகத்தர் தரத்தை இனி நினைக்க ஏலாது. கவுண்டரிலேயே தலை நரைக்கும். பெரியப்பா கதைப்பார். அதை நீர்தான் கூடக் கேட்க வேண்டி வரும். அதனால் உம்மைக் கேளாமல் கையெழுத்துப் போட மாட்டன்.

மற்றது, கொஞ்சம் காணி. அங்கே உருளைக்கிழங்கு வராது. நிலாவெளிப் பக்கம் வெங்காயம் செய்யலாம், ஆனால் மணல் நிலத்துக்கு நாளுக்கு இரண்டு தரம் தண்ணி இறைக்க வேணும் என்கிறான் திலகரத்ன. பிரிகிறதை நினைத்து அவனுக்குக் கவலை. எனக்கும்தான்.

மூன்றாவது. நீர் சித்தி பெற்றால் மிச்சத்தையும் படிக்க வேணும். பெறாவிட்டால் திரும்ப எழுத வேணும். அடுத்த முறை நான் உம்மோடு மண்டப வாசல் வரை வருவேன்.

சம்மதமா என்று எழுதும்.

அன்புடன்,
இராசதுரை


திருகோணமலை
17.02.1974

அன்புள்ள அத்தானுக்கு,

மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கிவிட்டது. மாமியும் நானும் நல்ல சுகம். மாற்றம் ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் என்று நீங்கள் எழுதின கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் சம்மதம் என்று ஒரு வரியில் கார்ட் போட்ட பிறகும் வங்கியில் நாலு மாதம் எடுத்திருக்கிறாங்கள்.

அதே தபாலில் இன்னொரு கடிதமும் வந்தது. பழுப்பு உறை. மாமி இரண்டையும் கொண்டு கந்தோருக்கே வந்துவிட்டா. முழங்கால் நோவோடு ஜெட்டி வரை நடந்து வந்திருக்கிறா. பழுப்பு உறையை நான் பிரிக்கவில்லை. ஸெய்னுதீன் நானாவிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒரு கப்பல் கடதாசியைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அஞ்சும் கிளியர், தங்கச்சி."

ஐந்தும் சித்தி. வங்கியியலும் நிதியும் பாடத்தில் திறமைச் சித்தி. மறுநாள் நானா கிண்ணியாவில் இருந்து இரண்டு சட்டி தயிர் கொண்டுவந்து கந்தோர் முழுக்கக் கொடுத்தார். றம்லாவும் சித்தியாம், மாத்தளையில் இருந்து எழுதியிருந்தா. மாமியைக் கேட்டிருந்தா.

பெரியப்பா வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். பெறுபேற்றுக் கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெயரை மாறி அடிச்சுப்போட்டாங்கள் போல. உடன எழுதித் திருத்த வேணும்," என்றார்.

"இல்லைப் பெரியப்பா, எழுதினது நான்தான்."

"அப்ப மாப்பிள்ளை?"

எனக்கு முன்னம் மாமி சொன்னா: "அவன் ஏப்ரலில வீட்டுக்கு வாறான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

பெரியப்பா குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊர் முழுக்கக் கதைப்பார். கதைக்கட்டும்.

கடைசிப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருசம். புத்தகப் பட்டியல் வந்திருக்கு. பார்க்கவே பயமாக இருக்கு. ஆனால் முதல் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். நீங்கள் வாற சந்தோசத்தில் மாமி முன் அறையை வெள்ளையடிப்பிச்சு, உங்கட உடுப்புக்கு அலுமாரியில் ஒரு பக்கம் ஒதுக்கி, கதிரையையும் துடைத்து வைத்திருக்கிறா. நிலாவெளியில் இரண்டு பரப்பு காணி குத்தகைக்கு இருக்கு என்று நானா விசாரித்துச் சொன்னார். வந்து பாருங்கோ.

ஒன்றை மட்டும் இப்பவே எழுதிவிடுகிறேன், பிறகு மனத்தாங்கல் வரக்கூடாது. வீட்டில் மேசை ஒன்றுதான் இருக்கு. அது எனக்கு வேணும்.

பத்திரமாக வந்து சேருங்கோ.

உங்கள்
குணமணி